ஆசிரியர்கள் சொன்ன மறுமொழி



நம் சபையின் வழக்கத்தில் புனிதர்களுக்கென்று தனித்திருநாள் எடுப்பதில்லை. ஆயினும், திருச்சபை வரலாற்றின் ஒரு பக்கம் மட்டுமே நம்முடையது, மறுபக்கம் அந்நியருடையது என்று எண்ணுவது நமக்கு இழப்பையே தரும். கத்தோலிக்கத் திருச்சபை ஆசிரியர்களின் பாதுகாவலராகப் போற்றும் ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் என்பவரைக் குறித்து இந்த வாரம் எழுதுகிறேன். பள்ளிக்கூடங்களில் பணியாற்றும் சகோதர சகோதரிகள் நம் சபையில் பலர் உண்டு. அவர்கள் இதை ஆர்வத்தோடு வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். பிரசங்கம் செய்பவர்களும் வாசிக்க வேண்டும்; ஏனெனில் இம்மனிதரின் வாழ்க்கையைத் திருப்பியது, அவர் செய்த பிரசங்கத்திற்குக் கேட்டவர்கள் சொன்ன மறுமொழி.

பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கில் உள்ள ரெய்ம்ஸ் நகரம், அந்நாட்டு அரசர்கள் முடிசூட்டப்பெற்ற பேராலயத்தைக் கொண்டது. அந்நகரில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், செல்வமும் செல்வாக்கும் மிக்க நீதிபதி ஒருவரின் மூத்த மகனாக லா சால் பிறந்தார். அவருக்குப் பதினாறு வயது நிறைவதற்கு முன்பே, 1667 ஜனவரியில், முதிய உறவினர் ஒருவர் விட்டுக்கொடுத்ததால் பேராலயத்தின் கானன் பதவி அவருக்கு வந்து சேர்ந்தது. கானன் என்பவர், பேராலயத்தில் நாள்தோறும் ஜெபவேளைகளில் அமர்ந்து சங்கீதங்களைப் பாடுகிறவர். அதற்கென ஆயுள் முழுவதும் நிலையான வருமானம் பெறுகிறவர். அக்காலத்தில் ஒரு குடும்பம் தன் மகனுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடத்தைத் தேட முடியாது.

பாரிஸில் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1671-இல் தாயும் 1672-இல் தந்தையும் மரித்தார்கள். இருபத்தொரு வயதுகூட நிறையாத மூத்த மகன் படிப்பை விட்டு வீடு திரும்பி, தம்பி தங்கையரையும் குடும்பச் சொத்தையும் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். பின்னர் படிப்பைத் தொடர்ந்து, 1678-இல் குருப்பட்டம் பெற்றார். 1680-இல் இறையியலில் முனைவரானார். இதுவரையில் அவருடைய வாழ்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனித்துச் சொல்லவும் அதிகமில்லை. ஒழுக்கமுள்ள, கடமை தவறாத, வசதியான ஒரு குரு. அத்தகையோர் அந்நகரில் வேறு பலரும் இருந்தார்கள்.

அவருடைய நண்பரும் ஆலோசகருமாகிய நிக்கோலா ரோலான் என்பவர் ஏழைச் சிறுமிகளுக்குக் கல்வி புகட்டக் கன்னியர் சபையொன்றை நிறுவியிருந்தார். 1678-இல் அவர் மரிக்கும்போது அப்பொறுப்பை லா சாலிடம் ஒப்படைத்தார். அதன்பொருட்டு அக்கன்னியர் இல்லத்திற்கு அவர் போய்வருவது வழக்கமாயிற்று. 1679-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், அந்த இல்லத்தின் வாசலில் அவர் ஒருவரைச் சந்தித்தார். அத்ரியான் நியெல் என்னும் அம்மனிதர் ருவான் நகரிலிருந்து வந்திருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், குருவானவர் அல்லர், ஏழைச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதில் பல்லாண்டு பழகியவர். ரெய்ம்ஸில் பிறந்து ருவானில் வாழ்ந்த செல்வச்சீமாட்டி ஒருத்தி, தன் சொந்த ஊர்ச் சிறுவர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கும்படி பண உதவியை வாக்களித்து அவரை அனுப்பியிருந்தாள். யாரைப் பார்ப்பது, எங்கே தொடங்குவது என்பதற்கு நியெலுக்கு ஓர் ஆலோசனை தேவைப்பட்டது. லா சால் அதைச் சொன்னார். சில நாட்கள் தம் வீட்டில் தங்கவும் இடம் கொடுத்தார். அவ்வளவோடு தம் வேலை முடிந்ததென்றே அவர் எண்ணினார்.

நியெல் தொடங்குவதில் வல்லவர், தொடர்வதில் அல்ல. நம் சபைகளிலும் இத்தகையோரை நாம் அறிவோம். ஒரு பள்ளியைத் திறந்தவுடன் அடுத்ததைத் திறக்கப் போய்விடுவார். விட்டுப்போன பள்ளிகளில் இருந்த இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்ட யாருமில்லை. அவர்கள் போதிய பயிற்சி இல்லாதவர்கள். வேறு பிழைப்புக் கிடைக்காமல் இவ்வேலைக்கு வந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்களுக்காக லா சால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். பிறகு 1680-இல் தம் மேசையில் உணவருந்த அழைத்தார். 1681 ஜூன் 24-ஆம் நாள் தம் வீட்டிலேயே குடியிருக்க அழைத்துக்கொண்டார்.

இதை வாசிக்கையில் எளிதாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்த குறிப்பொன்றில், தொடக்கத்தில் அந்த ஆசிரியர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே மதித்ததாகவும், அவர்களோடு ஒன்றாக வாழ்வது என்ற எண்ணமே தமக்குத் தாங்கக்கூடாததாக இருந்ததாகவும், இவ்வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்னரே தெரிந்திருந்தால் இதில் கைவைத்திருக்கவே மாட்டார் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். பந்தியில் யாரோடு யார் அமர்வது என்பது எத்தனை பெரிய வினா என்பதை நம் ஊராருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நகரத்து உறவினர்களும் அப்படியே கொதித்தார்கள். பேராலயத்துக் குருவின் வீட்டில் கூலி வாத்தியார்களா என்று கேட்டார்கள். கூடவே இருந்த இளைய சகோதரர்களை அவரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு தம்பி மட்டும் அவரோடு தங்கினான். அடுத்த ஆண்டு அதே ஜூன் 24-ஆம் நாள், லா சால் தம் முன்னோரின் மாளிகையை விட்டு, ஆசிரியர்களோடு எளிய வீடொன்றில் குடியேறினார்.

அந்த வீட்டில்தான் அந்த உரையாடல் நடந்தது.

ஆசிரியர்கள் மனம் கலங்கியிருந்தார்கள். இந்த வேலை எத்தனை நாள் நிலைக்கும்? நோயுற்றால், முதுமையடைந்தால், பள்ளி மூடப்பட்டால் எங்கே போவது? லா சால் அவர்களைத் தேற்ற எண்ணி, மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் காட்டிய ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் குறித்துப் பேசினார். நாளைக்காகக் கவலைப்படாமல் பரமபிதாவின் பராமரிப்பை நம்புங்கள் என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் தவறில்லை. ஆனால் ஆசிரியர்கள் மறுமொழி சொன்னார்கள். அதன் சாரம் இது: இப்படிப் பேசுவது ஐயாவுக்கு எளிது. ஐயாவுக்குக் கானன் பதவியின் வருமானம் உண்டு, பிதுரார்ஜிதச் சொத்தும் உண்டு. இந்தப் பள்ளிகள் நாளைக்கே குலைந்தாலும் ஐயாவின் நிலை குலையாது. நாங்களோ தெருவில் நிற்போம்.

வரலாற்றில் பிரசங்கங்கள் பல பேரெழுச்சியை உண்டாக்கியதாக வாசிக்கிறோம். ஒரு பிரசங்கத்திற்குக் கிடைத்த மறுமொழி பிரசங்கியாரை மாற்றிய நிகழ்ச்சி அரிது. மாத ஊதியமும் குடியிருக்கச் சபையின் வீடும் பெறுகிற நான், மத்தேயு ஆறாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எழும்பும் போதெல்லாம் அந்த ஆசிரியர்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

லா சால் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டார். என்ன செய்வதென்று கேட்க, பாரிஸில் இருந்த நிக்கோலா பாரே என்னும் துறவியிடம் ஆலோசனை நாடினார். அவரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியவர். இங்கே நம்மில் எவரும் சொல்லக்கூடிய ஒரு தீர்வு இருந்தது: அந்தச் செல்வத்தைப் பள்ளிகளின் பேரில் மூலதனமாக வைத்துவிட்டால் ஆசிரியர்களின் கவலையும் தீரும், பள்ளிகளும் நிலைக்கும். சபைக் கமிட்டியில் இது வந்திருந்தால் ஒருமனதாக நிறைவேறியிருக்கும். நானும் கை உயர்த்தியிருப்பேன். பாரே அதற்கு உடன்படவில்லை. மூலதனத்தின் மேல் பள்ளிகளை நாட்டினால் அவை நிலைக்காது, தேவனுடைய பராமரிப்பின் மேலேயே நாட்ட வேண்டும் என்றார்.

1683-இல் லா சால் கானன் பதவியைத் துறந்தார். பேராயர் தடுத்துப் பார்த்தார். துறப்பதானால் தம்பிக்காவது விட்டுக்கொடுக்கலாமே என்று குடும்பத்தார் எதிர்பார்த்தார்கள். அவரோ எவ்விதச் செல்வாக்கும் இல்லாத ஓர் ஏழைக் குருவானவருக்கு அதைக் கொடுத்தார். குடும்பத்தார் இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய அவமதிப்பாகக் கருதியிருக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் அப்பகுதியைக் கடும் பஞ்சம் வாட்டியது. தம் சொத்தை ரொட்டியாக்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கும் நகரத்து ஏழைகளுக்கும் கொடுத்துத் தீர்த்தார். பஞ்சம் முடிந்தபோது அவரும் தம் ஆசிரியர்களைப்போல் கையில் ஒன்றும் இல்லாதவராய் இருந்தார். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் துக்கத்தோடு திரும்பிப்போன ஐசுவரியவானை நாம் அறிவோம். இவரும் அதே வாசலுக்கு வந்தவர்தான். ஒரே நாளில் உள்ளே போகவில்லை. ஒரு விருந்து, ஒரு வாடகை வீடு, ஒரு கேள்வி என்று நான்கைந்து ஆண்டுகள் ஆயின. தேவன் தம்மை ஒரு பொறுப்பிலிருந்து அடுத்த பொறுப்பிற்கு, தாம் உணராதபடியே நடத்தினார் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1686-இல் அந்த ஆசிரியர்கள் தங்களைச் சகோதரர்கள் என்று அழைத்துக்கொண்டு, தனி உடை தரித்து, கீழ்ப்படிதலுக்கான பொருத்தனை செய்தார்கள். கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபை இவ்வாறு உருவாயிற்று. அவர்களுள் ஒருவரும் குருவானவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஆன்றி லெரோ என்னும் இளஞ்சகோதரரைத் தமக்குப்பின் தலைவராக்க எண்ணி, குருப்பட்டத்திற்கு ஆயத்தம் செய்து வந்தார் லா சால். அவ்வாலிபர் திடீரென மரித்துப்போனார். அதைத் தேவன் காட்டிய அடையாளமாக எடுத்துக்கொண்டு, இச்சபையில் எவரும் குருவாகக் கூடாது, வகுப்பறையே அவர்கள் ஊழியம் செய்யும் ஸ்தலம் என்று முடிவு செய்தார். கற்பிப்பதை, போதகராக முடியாதவர்கள் செய்கிற இரண்டாந்தர வேலை என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் இந்த முடிவைச் சற்றே நின்று சிந்திக்கலாம்.

அந்த வகுப்பறைகள் எப்படி இருந்தன? சகோதரர்களின் அனுபவத்திலிருந்து தொகுக்கப்பட்டு, லா சாலின் மரணத்திற்குப்பின் 1720-இல் அச்சேறிய பள்ளி நடைமுறை நூல் அதை நுணுக்கமாகக் காட்டுகிறது. அதுவரை பிள்ளைகள் முதலில் இலத்தீன் மொழியிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவது வழக்கம். வீட்டில் பேசாத மொழியில் வாசிக்கத் தொடங்கிய தொழிலாளியின் பிள்ளை, ஒன்றும் விளங்குமுன்னரே வேலைக்குப் போய்விடும். சகோதரர்கள் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே தொடங்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துக் கற்பிப்பதை விட்டு, திறமைக்கேற்பப் பிரித்து ஒரு வகுப்பாகக் கற்பித்தார்கள். ஆசிரியர் குரலுயர்த்தாமல், மரக்கட்டையால் செய்த சிறு கருவியைத் தட்டிச் சைகை காட்டுவார். பிள்ளைகளைக் கையிலும் பிரம்பாலும் அடிக்கும் வழக்கம் அங்கும் இருந்தது. அதற்கு வரம்பு விதித்தார்களே தவிர முற்றிலும் ஒழிக்கவில்லை. குறித்த வேளைகளில் எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்தி, தேவசமுகத்தில் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வார்கள். என் மனதில் நின்றது வேறொன்று. பிள்ளைகள் காலையுணவைப் பள்ளியிலேயே உண்பார்கள்; வீட்டிலிருந்து கூடுதலாக ரொட்டி கொண்டுவந்தவர்கள் மிஞ்சியதை ஒரு கூடையில் இடுவார்கள்; கொண்டுவர இயலாத பிள்ளைகளுக்கு அது பகிர்ந்தளிக்கப்படும்.

இந்த வரலாற்றில் நமக்கு வேதனை தரும் பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1685-இல் பதினான்காம் லூயி அரசன், சீர்திருத்தத் திருச்சபையாருக்கு அதுவரை இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். 1698-இல் பிறந்த அரசாணை, அவர்களுடைய பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி கட்டளையிட்டது. அத்தகைய குடும்பங்கள் மிகுந்திருந்த தென்பகுதியில், ஆலேஸ் என்னும் ஊரில் 1707-இல் சகோதரர்கள் பள்ளி தொடங்கியதும் அந்த நோக்கத்தோடு தொடர்புடையதே. நம் விசுவாசத்திற்காகக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டவர்களை அறிந்த நாம், இதை எளிதாகக் கடந்து போக முடியாது. அரசனுடைய ஆணையை எழுதியவர் லா சால் அல்லர். ஆனால் அவ்வாணை திறந்த வாசல் வழியே அவருடைய பள்ளியும் நுழைந்தது. ஏழைகளின் மறுமொழியை அத்தனை கூர்மையாகக் கேட்ட காதுகளுக்கு, அந்தப் பெற்றோரின் குரல் எட்டியதாக எனக்குத் தெரியவில்லை. தேவன் தம் ஊழியரைப் பயன்படுத்துகையில் அவர்களுடைய காலத்தின் குருட்டுத்தனத்தை முழுவதும் நீக்கிவிடுவதில்லை என்பதை இதில் காண்கிறேன்.

பாரிஸில் அவர் பட்ட பாடுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1688-இல் அங்கே சென்றார். கட்டணம் வாங்கிக் கையெழுத்துக் கற்பித்து வந்தவர்களின் சங்கத்தார், தங்கள் பிழைப்பு கெடுகிறதென்று வழக்குத் தொடர்ந்தார்கள். ஒரு கட்டத்தில் பள்ளிகளின் தட்டுமுட்டுச் சாமான்களே பறிமுதலாயின. அதற்கும் முன்பே, வேலைப்பளுவும் வறுமையும் தாங்காமல் சகோதரர்கள் பலர் விலகிப் போய்விட்டார்கள். அந்தத் தளர்ந்த வேளையில், 1691 நவம்பர் 21-ஆம் நாள், லா சால் நிக்கோலா வுயார், காப்ரியேல் ட்ரோலென் என்னும் இரு சகோதரர்களோடு சேர்ந்து ஒரு பொருத்தனை செய்தார். மூவர் மட்டுமே எஞ்சினாலும், பிச்சையெடுத்து வெறும் ரொட்டியை உண்டு வாழ நேர்ந்தாலும், இந்தப் பள்ளிகளை விட்டு நீங்குவதில்லை என்பதே அது.

ஆனால் நீங்க எண்ணிய நாள் அவருக்கும் வந்தது. ஆசிரியர் பயிற்சி இல்லமொன்றுக்காகச் செல்வந்தரின் மகனாகிய இளங்குரு ஒருவர் மனமுவந்து பணம் கொடுக்க முன்வந்திருந்தார். அவருடைய தந்தை, வயது வராத தம் மகனை மயக்கிப் பணம் பறித்ததாக லா சால் மேல் வழக்குத் தொடுத்தார். 1712-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அதற்கு முன்னரே அவர் பாரிஸை விட்டுத் தெற்கே போய்விட்டார். அங்கும் மார்செய்லில் தொடங்கிய பயிற்சி இல்லம் குலைந்தது. மாந்த் நகரில் அவருடைய சொந்தச் சகோதரர்களே அவருக்குத் தங்க இடம் கொடுக்கவில்லை. தாம் இருப்பதே இந்த ஊழியத்திற்குத் தடை என்று அவர் எண்ணத் தொடங்கினார். கிரெனோபிள் நகரத்துப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர் இல்லாத நாட்களில், இறையியல் முனைவராகிய அவர் தாமே சிறுபிள்ளைகளின் முன் நின்று எழுத்துக் கற்பித்தார். பின்னர் பார்மெனி என்னும் மலையில் தனித்திருந்து ஜெபித்தார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலியாவிடம் தேவதூதன் வந்தான். இவரிடம் ஒரு கடிதம் வந்தது. பாரிஸ் பகுதியிலிருந்த முதன்மையான சகோதரர்கள் 1714 ஏப்ரல் 1-ஆம் நாள் அதை எழுதியிருந்தார்கள். அது கெஞ்சும் கடிதமாகத் தொடங்கி, கட்டளையாக முடிந்தது. தாங்கள் எங்களோடு சேர்ந்து இந்தச் சபைக்குக் கீழ்ப்படிவதாகப் பொருத்தனை செய்திருக்கிறீர்கள். அந்தப் பொருத்தனையின் பேரில், உடனே திரும்பி வந்து பொறுப்பேற்கும்படி கட்டளையிடுகிறோம் என்பதே அதன் கருத்து. வேலைக்காரனுக்கும் கீழாக ஒருகாலத்தில் அவர் மதித்த வாத்தியார்களின் கூட்டம், இப்போது அவருக்குக் கட்டளையிடுகிறது. ஆகஸ்ட் 10-ஆம் நாள் அவர் பாரிஸ் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று, வந்துவிட்டேன், என்னிடம் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

1717-இல் சகோதரர்கள் தங்களுள் ஒருவராகிய பர்த்தலமியைத் தலைவராகத் தெரிந்தெடுத்தார்கள். லா சால் ருவான் நகரை அடுத்த சேன்-யோன் இல்லத்தில், புதிய தலைவருக்குக் கீழ்ப்படிந்த எளிய உறுப்பினராய்க் கடைசி நாட்களைக் கழித்தார். அங்கும் பங்குக் குருவோடு எழுந்த ஒரு பிணக்கில், மரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவருடைய குருத்துவ அதிகாரங்கள் பறிக்கப்பட்டன. 1719 ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமை அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது சபையில் இருந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். உரோமைத் திருச்சபை அவரை 1900-இல் புனிதராக அறிவித்தது; 1950-இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக்கியது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் புனித பெனடிக்ட் கல்லூரியை நடத்தியவர்களும் இச்சகோதரர்களே.

1691-இல் பொருத்தனை செய்த மற்ற இருவரையும் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. வுயார், பள்ளிச் சொத்து தம் பெயருக்கு உயிலில் எழுதப்பட்டபோது அதைப் பெற்றுக்கொண்டு சபையை விட்டு விலகினார். ட்ரோலென் 1702-இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். துணைக்கு வருவதாகச் சொன்னவர் எவரும் நிலைக்கவில்லை. மொழி தெரியாத ஊரில், பெரும்பாலும் கையில் காசில்லாமல், ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். லா சால் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்கு அருகில் இன்றும் உள்ளன. பணம் அனுப்ப இயலாததற்கான வருத்தமும், இன்னும் சற்றுப் பொறுத்திரும் என்ற வேண்டுகோளும் அவற்றில் அடிக்கடி காணப்படும். இருவரும் மறுபடி சந்திக்கவேயில்லை. லா சால் மரித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1728-இல், இருபத்தாறு ஆண்டுகளுக்குப்பின் ட்ரோலென் பிரான்ஸ் திரும்பினார். அப்போதும் அவர் சகோதரராகவே இருந்தார்.